உண்மையா, நல்லெண்ணமா, பதிவேடா, கருத்தா: அவதூறு வழக்கு வந்தால் எதை நம்பி நிற்பது?

“நகராட்சிப் பொறியாளர் சாலை டெண்டரில் 40 லட்சம் சுருட்டினார்.”

சிறு ஊர் நிருபர் ஒருவர் இப்படி ஒரு வரியோடு டெஸ்க்குக்கு (செய்தியைத் திருத்தி அச்சுக்கு அனுப்பும் பிரிவு) செய்தி அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஊரும் ஆளும் கற்பனைதான். இந்த மாதிரி வரி எல்லா டெஸ்க்குக்கும் பழகிய ஒன்று. அவர் கையில் இருப்பவை நான்கு: செய்த வேலையின் அளவைப் பதிவுசெய்யும் அளவுப் புத்தகத்தின், ஆர்.டி.ஐ.யில் வாங்கிய நகல், சாலையைத் தோண்டிய இடத்தில் போனில் எடுத்த படம், பெயரைப் போடக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு பேசிய ஒப்பந்ததாரர், நகர்மன்றக் கூட்டத்தில் ஒரு கவுன்சிலர் எழுந்து போட்ட சத்தம். நாளைக்கே பொறியாளர் வழக்குப் போட்டால் கோர்ட்டில் எதைச் சொல்லி நிற்பது?

இந்தியச் சட்டத்தில் இதற்கு நான்கு வழிகள் உண்டு. சொன்னது உண்மை என்று நிரூபிக்கலாம். நல்லெண்ணத்தோடு, விசாரித்து எழுதினேன் எனலாம். சபையிலோ கோர்ட்டிலோ நடந்ததை நடந்தபடி தந்தேன் எனலாம். அல்லது, இது செய்தியே இல்லை, என் கருத்து என்று சொல்லலாம். பெரும்பாலோர் வக்கீல் நோட்டீஸ் வந்த பிறகுதான் இதில் எது நமக்கு ஒத்துவரும் என்று தேடுகிறார்கள். அதற்குள் வாக்கியம் அச்சாகியிருக்கும். எந்த வழி திறந்திருக்கும், எது அடைபடும் என்பதை அந்த வாக்கியமே முடிவுசெய்திருக்கும்.

வழக்கு எங்கே வரும்?

மான நஷ்ட வழக்கை உரிமையியல் நீதிமன்றத்தில் போடுபவர், கேட்கும் தொகைக்கு ஏற்பக் கோர்ட் கட்டணம் கட்ட வேண்டும். செய்தி வெளியான ஓர் ஆண்டுக்குள் போட்டாக வேண்டும். குற்றவியல் பக்கம் இவ்வளவு செலவில்லை. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 499, 500 பிரிவுகள் 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆவது பிரிவாகியிருக்கின்றன. இரண்டு ஆண்டு வரை வெறுங்காவல், அல்லது அபராதம், அல்லது இரண்டும். இப்போது சமூக சேவையும் ஒரு தண்டனையாகச் சேர்ந்திருக்கிறது. புகார் கொடுக்க மூன்று ஆண்டு அவகாசம். கோபத்தில் இருப்பவர் முதலில் மாஜிஸ்திரேட் கோர்ட்டைத் தேடுவதில் ஆச்சரியமில்லை. தண்டனை கிடைக்கிறதோ இல்லையோ, நிருபர் வாய்தாவுக்கு வாய்தா படியேற வேண்டும், வர முடியாத நாளுக்கு மனுப் போட வேண்டும். குற்ற அவதூறுச் சட்டமே கூடாது என்று தொடுத்த வழக்கில், அது செல்லும் என்று 2016 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. (இலங்கை 2002இலேயே அந்தப் பிரிவுகளைத் தூக்கிவிட்டது. இங்கே அவை இன்னும் இருக்கின்றன.)

தமிழ்நாட்டில் இதற்கு மேலும் ஒரு பழக்கம் இருந்தது. அமைச்சர்களையும் அரசு ஊழியர்களையும் அவர்கள் பணி தொடர்பாக விமர்சித்தால், அரசு வழக்கறிஞரை வைத்து அரசே செஷன்ஸ் கோர்ட்டில் புகார் கொடுக்கச் சட்டம் இடம் தருகிறது. 2011 முதல் ஐந்து ஆண்டுகளில் இப்படிப் போட்ட வழக்குகள் 213 என்று 2016இல் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு பட்டியல் போனது. என். ராம் உள்ளிட்ட பத்திரிகை ஆசிரியர்கள் மீதிருந்த இத்தகைய வழக்குகளை 2020 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அரசு கொடுத்த காகிதத்தை அப்படியே கோர்ட்டில் கொண்டுபோய்ச் சேர்ப்பது அரசு வழக்கறிஞரின் வேலை இல்லை என்றும் அந்தத் தீர்ப்பு கண்டித்தது.

உண்மை: பேரும் பெரிது, செலவும் பெரிது

“உண்மையைத்தானே எழுதினோம், என்ன பயம்?” என்று கேட்காத நிருபர் இல்லை. உரிமையியல் வழக்கில் இந்தக் கேள்வி நியாயம்தான். சொன்னது உண்மை என்று நிரூபித்துவிட்டால் வழக்கு முடிந்தது. குற்ற வழக்கில் அது பாதிக் கிணறு. எவையெல்லாம் அவதூறுக் குற்றம் ஆகாது என்று அந்தப் பிரிவே விதிவிலக்குகளைப் பட்டியலிடுகிறது. அதில் முதல் விதிவிலக்கு, உண்மையாகவும் இருக்க வேண்டும், அதை வெளியிடுவது பொது நன்மைக்காகவும் இருக்க வேண்டும் என்கிறது. இரண்டு கோர்ட்டிலும் நிரூபிக்கும் பாரம் எழுதியவர் தலையில்தான்.

நம் வரியை எடுத்துக்கொள்ளுங்கள். அளவுப் புத்தகத்தில் 40 மி.மீ. தார் அடுக்கு போட்டதாகப் பதிவாகியிருக்கிறது. குடிநீர்க் குழாய்க்காகத் தோண்டிய இடத்தில் நிருபர் ஸ்கேல் வைத்து எடுத்த படத்தில் 25 மி.மீ.தான் தெரிகிறது. நல்ல ஆதாரம். ஆனால் அது எதற்கு ஆதாரம்? போடாத தாருக்கு பில் போனது என்பதற்கு. பணம் பொறியாளர் பைக்குப் போனது என்பதற்கு அந்த நகலில் ஒரு எழுத்துகூட இல்லை. “சுருட்டினார்” என்ற சொல்லைப் போட்டவர், சுருட்டியதைத்தான் நிரூபிக்க வேண்டும். தார் கனம் குறைந்ததை எவ்வளவு அழகாக நிரூபித்தாலும் அந்தச் சொல்லுக்கு ஈடாகாது.

சுருட்டியதைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் அந்த ஒப்பந்ததாரர். அவர் கூண்டில் ஏற மாட்டார். செய்தி மூலத்தைச் சொல்லும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்ற பாதுகாப்பு 1978ஆம் ஆண்டின் பிரஸ் கவுன்சில் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் அது கவுன்சிலின் விசாரணைக்கு மட்டும், கோர்ட்டில் செல்லாது. கோர்ட் வற்புறுத்தாமல் விட்டாலும், பேர் சொல்லாத சாட்சியால் உண்மையை நிரூபிக்க முடியாது. அப்புறம் அந்த ஸ்கேல் படம். போனில் எடுத்த படத்தைச் சாட்சியமாகக் கொடுக்க, புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆவது பிரிவுப்படி சான்றிதழ் வேண்டும். அசல் போனை விற்றுவிட்டு, வாட்ஸ்அப்பில் வந்த நகலை வைத்துக்கொண்டு அல்லாடுவது வழக்கமான காட்சி.

சின்னத் தவறுக்கும் உண்மை இடம் தராது. 2008இல் டைம்ஸ் நவ் சேனல், வருங்கால வைப்பு நிதி முறைகேடு பற்றிய செய்தியில் ஒரு நீதிபதியின் படத்துக்குப் பதிலாக ஓய்வுபெற்ற நீதிபதி பி.பி. சாவந்தின் படத்தைச் சில விநாடிகள் காட்டிவிட்டது. பெயர்க் குழப்பத்தால் நேர்ந்த பிழை. 2011இல் புனே நீதிமன்றம் 100 கோடி ரூபாய் நஷ்ட ஈடு விதித்தது. மேல்முறையீட்டை விசாரிக்கவே 20 கோடி கட்டு, 80 கோடிக்கு வங்கி உத்தரவாதம் கொடு என்றது பம்பாய் உயர் நீதிமன்றம். தொகை நியாயமா என்பது வேறு விவாதம். மற்ற விவரமெல்லாம் சரியாக இருந்தாலும் படம் மாறினால் உண்மை என்ற வாதத்தை வாயெடுத்துச் சொல்லவே முடியாது.

இவ்வளவு சொன்னாலும், ஒரு கட்டத்தில் உண்மையைப் போல் உதவுவது வேறில்லை. தடையாணை கேட்டு எதிர்த்தரப்பு ஓடும்போது, “இது உண்மை, விசாரணையில் நிரூபிப்போம்” என்று உறுதியாகப் பிரமாணப் பத்திரம் போட்ட பத்திரிகைக்கு எதிராக விசாரணைக்கு முன்பே வாய்ப்பூட்டுப் போட நீதிமன்றங்கள் தயங்க வேண்டும் என்பது 1891ஆம் ஆண்டின் ஓர் ஆங்கிலேயத் தீர்ப்பிலிருந்து வரும் மரபு. 2024 மார்ச்சில், புளூம்பெர்க் செய்தி நிறுவனத்தின் கட்டுரைக்கு எதிராக ஜீ தொலைக்காட்சி நிறுவனம் போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் அதையே வழிமொழிந்து, கட்டுரையை நீக்கச் சொன்ன கீழ்க் கோர்ட் உத்தரவை ரத்து செய்தது. ஆக, ஆவணம் கையில் இருப்பவர் உண்மையைத் துணிந்து சொல்லலாம். ஆவணம் எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவு தூரத்துக்கு மட்டும்.

நல்லெண்ணம்: பத்திரிகைக்காரருக்கென்றே தைத்த சட்டை

சரி, உண்மையை முழுசாக நிரூபிக்க முடியவில்லை. தோற்றுவிட்டோமா? இல்லை என்பதற்கு ஒரு பழைய வழக்கு இருக்கிறது. பஞ்சாபில் முதலமைச்சர் பிரதாப் சிங் கைரோனின் மகன் கடத்தல் கும்பலுக்குத் தலைவர் என்று ஹர்பஜன் சிங் என்ற அரசியல்வாதி விட்ட அறிக்கை பத்திரிகைகளில் வந்தது. உண்மை என்று நிரூபிக்க முடியாமல் கீழே தண்டனை வாங்கினார். 1965இல் உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. உண்மையை நிரூபிக்காவிட்டாலும், ஒன்பதாவது விதிவிலக்கின்படி பொது நன்மைக்காக நல்லெண்ணத்தோடு சொன்னார் என்பது போதும். அதையும் அரசுத் தரப்பு நிரூபிப்பது போலச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை, அப்படி இருக்கத்தான் வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும் என்றது.

ஆனால் நல்லெண்ணம் என்றால் மனசு சுத்தமாக இருப்பது என்று நினைத்துவிடக் கூடாது. உரிய கவனமும் அக்கறையும் இல்லாமல் செய்த எதுவும் நல்லெண்ணத்தோடு செய்ததாகாது என்கிறது சட்டம். இதில் அடிபட்டவர் பிளிட்ஸ் வார இதழின் ஆசிரியர் ஆர்.கே. கரஞ்சியா; அவதூறு பற்றிய சட்டப் புத்தகங்களில் அவர் நிரந்தரவாசி. எமர்ஜென்சி காலத்தில் போபால் சிறையில் இருந்த கைதி ஒருவரைப் பற்றி வந்த செய்திக்கு, உள்துறை ரகசிய அறிக்கையை வைத்துத்தான் எழுதினோம் என்றார். உயர் நீதிமன்றம் அதை ஏற்று வழக்கைத் தள்ளியது. 1981இல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, எவ்வளவு கவனத்தோடு விசாரித்தார் என்பதை விசாரணையில் காட்டட்டும் என்று திருப்பி அனுப்பியது. அதற்கு முன்பே, அதே கரஞ்சியா மீது தாக்கர்சே என்பவர் போட்ட மான நஷ்ட வழக்கில், பத்திரிகைக்கு ஊருக்குச் சொல்லும் கடமை இருக்கிறது என்ற வாதத்தைத் தனிப் பாதுகாப்பாகப் பம்பாய் உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. கீழே 3 லட்சம் விதித்த நஷ்ட ஈட்டை ஒன்றரை லட்சமாகக் குறைத்ததோடு சரி.

இந்த நிலையைத் திருப்பிப் போட்டது தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கு. ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை வெளியிடத் தயாராக இருந்த நக்கீரனுக்கு, 1994 ஜூனில் சிறைத்துறைத் தலைவர் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பினார். ஆசிரியர் ராஜகோபால் உச்ச நீதிமன்றம் போனார். அக்டோபர் 7 அன்று வந்த தீர்ப்பில், நம் பொறியாளர் கதைக்குத் தேவையான எல்லாமே இருக்கிறது. அவதூறு என்று பயந்து அதிகாரிகள் வெளியீட்டை முன்கூட்டித் தடுக்க முடியாது. வந்த பிறகு வழக்குப் போடட்டும். அரசோ உள்ளாட்சி அமைப்போ மான நஷ்டம் கேட்க முடியாது. அதாவது நகராட்சியால் முடியாது, பொறியாளர் தனிப்பட்ட முறையில் முடியும். அப்படி அதிகாரி ஒருவர் தன் அலுவலகக் கடமை தொடர்பான செய்திக்காக நஷ்ட ஈடு கேட்டால், செய்தி பொய் என்பதும், உண்மை எது என்று கவலையே படாமல் வெளியிட்டார்கள் என்பதும் நிலைநாட்டப்பட வேண்டும். நியாயமான அளவுக்குச் சரிபார்த்த பிறகே எழுதினோம் என்று பத்திரிகை காட்டினால் போதும். எழுதியது முழு உண்மை என்று நிரூபிக்க வேண்டிய அவசியம் இல்லை.

என் கணக்கில் அதிகாரிகளைப் பற்றிய செய்திக்கு இதைவிடப் பலமான வழி கிடையாது. இரண்டு ஓட்டைகள் உண்டு. கடமைக்கு வெளியே ஒரு அடி எடுத்துவைத்தால், பொறியாளரின் குடும்பம், வீட்டு விஷயம் என்று போனால், இந்தப் பாதுகாப்பு கிடைக்காது. இரண்டாவது, 499, 500 பிரிவுகளுக்கும் பேச்சுரிமைக்கும் உள்ள உறவுக்குள் தாங்கள் போகவில்லை என்று அந்தத் தீர்ப்பே சொல்லியிருக்கிறது. குற்ற வழக்கில் ஒன்பதாவது விதிவிலக்கைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும்.

சரிபார்த்ததற்குச் சாட்சி என்ன? சின்னச் சின்னக் காகிதங்கள்தான். பொறியாளருக்குக் கேள்விகளை எழுத்தில் அனுப்பிய மின்னஞ்சல், பதிலுக்குக் கொடுத்த அவகாசம், அவர் போனை எடுக்காத அழைப்புப் பட்டியல், ஒப்பந்ததாரரிடம் பேசிய தேதியிட்ட குறிப்பு. இவை இப்போது முன்பைவிடச் சீக்கிரம் பயன்படும். பழைய நடைமுறையில் சம்மன் வந்து வழக்குக்குள் விழுந்த பிறகுதான் பேச முடியும். குற்றவியல் நடைமுறைக்கான புதிய சட்டமான நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 223ஆவது பிரிவு, தனிநபர் புகாரை மாஜிஸ்திரேட் விசாரணைக்கு ஏற்கும் முன்பே எதிர்த்தரப்புக்குத் தன் பக்கத்தைச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும் என்கிறது. சம்மன் அனுப்பும் கட்டத்திலேயே விதிவிலக்குகளைக் கவனிக்கலாம் என்று 2023இல் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது.

பதிவேடு: மலிவானது, ஆனால் எல்லை குறுகியது

எம்.எல்.ஏ. சட்டமன்றத்தில் என்ன பேசினாலும் அவர் மீது வழக்கு வராது. அந்தப் பாதுகாப்பு அவருடையது; பத்திரிகைக்காரர் அதைக் கொஞ்சம் கடன் வாங்கிக்கொள்கிறார், அவ்வளவுதான். நாடாளுமன்ற நடவடிக்கைகளைச் செய்தியாக்கப் பாதுகாப்புத் தரும் சட்டம் பெரோஸ் காந்தியின் முயற்சியால் 1956இல் வந்தது. அதை எமர்ஜென்சியில் ரத்து செய்தது அவர் மனைவியின் அரசு. 1977இல் மீண்டும் வந்தது. 1978இன் 44ஆவது திருத்தம் அரசியல் சட்டத்தில் 361ஏ பிரிவைச் சேர்த்து, மாநிலச் சட்டமன்றங்களுக்கும் பாதுகாப்பை விரித்தது. சாராம்சத்தில் உண்மையான அறிக்கையாக இருந்து, கெட்ட நோக்கம் இல்லாமல் இருந்தால் வழக்கு நிற்காது. சட்டமன்ற விவாதத்தைச் சரியாகத் தந்த செய்திக்காக மராட்டிய நாளிதழ் ஆசிரியர் மீது போட்ட வழக்கை 1998இல் உச்ச நீதிமன்றம் விசாரணைக்கே போகாமல் ரத்து செய்தது. வாய்தா அலைச்சல் பிடிக்காதவர்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை.

ஆனால் நம் கவுன்சிலரின் சத்தத்துக்கு இது பொருந்தாது. 361ஏ நாடாளுமன்றத்தையும் சட்டமன்றத்தையும்தான் சொல்கிறது, நகர்மன்றத்தைச் சொல்லவில்லை. உள்ளூர்ப் பக்கங்களில் “கவுன்சிலர் குற்றச்சாட்டு” என்று தலைப்புப் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குபவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை. ஒருவர் சொன்ன அவதூறை மேற்கோளில் போட்டாலும் அச்சிட்டவர் அச்சிட்டவர்தான்.

சட்டமன்றச் செய்தியிலும் அவைக்குறிப்பிலிருந்து நீக்கிய பேச்சைப் போடக் கூடாது. பாட்னாவின் சர்ச்லைட் பத்திரிகை 1957இல் அப்படிப் போட்டது; உரிமை மீறல் நடவடிக்கை எடுக்கப் பீகார் சட்டமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 361ஏ கோர்ட்டைத்தான் தடுக்கும், சபையைத் தடுக்காது. 2003 நவம்பரில் தி இந்து ஆசிரியர்களுக்கும் முரசொலி ஆசிரியருக்கும் தமிழகச் சட்டமன்றம் 15 நாள் சிறை விதித்ததும், உச்ச நீதிமன்றம் தலையிட்டு நிறுத்தியதும் பலருக்கும் நினைவிருக்கும்.

கோர்ட் செய்திக்கு நான்காவது விதிவிலக்கு இருக்கிறது: நீதிமன்ற நடவடிக்கையைச் சாராம்சத்தில் உண்மையாகத் தந்தால் குற்றமில்லை. மூடிய அறை விசாரணைக்கும், பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்துக்கும் இது பொருந்தாது. போலீஸ் அதிகாரி டீக்கடையில் நின்று காதோடு சொன்னதும் கோர்ட் நடவடிக்கை ஆகாது. எஃப்.ஐ.ஆர். நகல் கையில் இருந்தால் “எஃப்.ஐ.ஆர். இப்படிச் சொல்கிறது” என்று எழுதலாம், “இவர் இதைச் செய்தார்” என்று எழுதினால் அந்த வரி நிருபருடையதாகிவிடும்.

கருத்து

இதைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. தலையங்கத்துக்கும் விமர்சனத்துக்கும் கேலிச்சித்திரத்துக்கும் இதுதான் வழி, செய்திக்கு உதவாது. பொது ஊழியரின் நடத்தை, பொதுப் பிரச்சினை, மக்கள் முன் வைத்த படைப்பு ஆகியவை பற்றி நல்லெண்ணத்தோடு அபிப்பிராயம் சொல்ல விதிவிலக்குகள் உண்டு. அபிப்பிராயம் நிற்கும் தரவு சரியாக இருக்க வேண்டும், அந்தத் தரவு வாசகர் கண்ணுக்கும் தெரிய வேண்டும். “15 மி.மீ. தாரைக் காணோம், இப்படிக் கண்காணிக்கும் நகராட்சிக்கு வெட்கமாக இல்லையா?” என்பது கருத்து. “என் கருத்துப்படி அவர் திருடர்” என்பதில் கருத்து என்ற சொல் சும்மா ஒட்டிக்கொண்டிருக்கிறது. இதற்கும் கோர்ட்டில்தான் மரியாதை. 1987இல் எம்.எல்.ஏ.க்களையும் அமைச்சர்களையும் கிண்டல் செய்த அட்டைப்பட நகைச்சுவைக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்குச் சட்டமன்றம் மூன்று மாதச் சிறை கொடுத்தபோது இந்த வாதமெல்லாம் எடுபடவில்லை. எதிர்ப்பு கிளம்பிச் சில நாளில் விடுவித்தார்கள்.

அந்த ஒரு வரிக்குத் திரும்பினால்

என் தேர்வு இரண்டாவது வழி, அதற்கு முட்டுக்கொடுக்க ஆவணம் அளவுக்கு உண்மை. கவுன்சிலர் பேச்சை விட்டுவிடலாம். அது கூடுதல் ஆபத்து, கூடுதல் தகவல் எதுவும் இல்லை. ஒப்பந்ததாரர் சொன்னது எங்கே தோண்ட வேண்டும் என்று காட்டியதோடு சரி. அச்சில் வர வேண்டாம். செய்தி இப்படி வரும்: “நகராட்சியின் அளவுப் புத்தகத்தில் 40 மி.மீ. தார் அடுக்கு என்று பதிவாகியுள்ள சாலையில், குழாய் பதிக்கத் தோண்டிய இடத்தில் அளந்தபோது 25 மி.மீ. மட்டுமே இருந்தது. பணி முடிந்ததாகப் பதிவேட்டில் கையெழுத்திட்டவர் நகராட்சிப் பொறியாளர். நாம் எழுத்தில் அனுப்பிய கேள்விகளுக்கு ஐந்து நாள் கடந்தும் பதில் வரவில்லை.” சுவை குறைந்துவிட்டது என்று நிருபர் முகம் சுளிப்பார். வாசகருக்குப் புரியாமல் போகாது.

பிறகு வால்போஸ்டர். செய்தியை எட்டு முறை செதுக்கிவிட்டு, பெட்டிக்கடையில் தொங்கும் போஸ்டருக்கு “40 லட்சம் சுருட்டிய பொறியாளர்!” என்று விற்பனைப் பிரிவு அடித்துவிட்டால், வக்கீல் நோட்டீஸில் முதல் பத்தியே அந்தப் போஸ்டராகத்தான் இருக்கும். யூடியூப் செய்தியாளருக்குத் தம்ப்நெயிலும் அதேதான். தலைப்பு, போஸ்டர், தம்ப்நெயில், சமூக ஊடகப் பதிவு எல்லாம் செய்தியை எழுதியவரின் கண்ணைத் தாண்டாமல் போகக் கூடாது. அளவுப் புத்தக நகல், அசல் போன், மின்னஞ்சல், நோட்டுப் புத்தகம் எல்லாவற்றையும் ஒரே கவரில் போட்டுத் தேதி எழுதி வைக்கவும். ஓர் ஆண்டு கடந்ததும் மான நஷ்ட வழக்கின் பயம் போய்விடும். குற்றப் புகாருக்கு இன்னும் இரண்டு ஆண்டு பாக்கி இருக்கும்.